அனுப்பாத வரிகள்

அத்தியாயம் 5

"அந்த நாற்காலியில இனிமே என்னால உக்கார முடியாதுக்கா," என்றாள் சகாயசெல்வி.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பேக்கரியின் கடைசி மேஜை. எடுத்த டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டாள். பாதி டீ சாஸரில் கிடந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் அன்புக்கரசி. நாகல் நகரில் ஒரு மாடி அறையில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவர். செல்வியின் அக்காவுக்கு வரன் வந்தபோது, மாப்பிள்ளை குடிப்பாரா, ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா என்று விசாரித்துச் சொன்னவர் அவர்தான். அந்தப் பழக்கத்தில்தான் செல்வி போன் செய்திருந்தாள். பக்கத்தில் பப்ஸைக் கடித்துக்கொண்டிருந்தவன் அவருடைய உதவியாள் சோலைமுத்து.

"பேய்னு நான் சொல்லல. ஆனா யாரோ என்னையப் பாத்துக்கிட்டே இருக்காங்க. எங்க உக்காந்திருக்கேன், எனக்குப் பின்னாடி யாரு இருக்கா, எல்லாம் தெரியுது."

"பேயா இருந்தா நல்லது தங்கச்சி," என்றான் சோலைமுத்து. "பேய்க்கு நாங்க ஃபீஸ் வாங்குறதில்ல."

அன்புக்கரசி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதலில் செல்வியின் வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டார். அது தெரியாமல் அவளுடைய பயம் யாருக்கும் புரியாது.

பேக்கரிக்கு அடுத்த கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அந்த ஆபீஸ் இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று நம்பர் அழுத்தித் திறக்கும் கதவுப் பூட்டுகளை விற்கிறது. பூட்டு வாங்கியவருக்கு நம்பர் மறந்துபோனால், கம்பெனியின் இணையப் பக்கத்தில் 'உதவி' என்ற பொத்தானை அழுத்துவார். ஒரு சிறிய சன்னல் திறக்கும். ஸ்பெயினில் இருக்கும் ஓர் அம்மாள் தன் வீட்டு வாசலில் நின்றபடி ஸ்பானிஷ் மொழியில் அடிப்பார். நடுவில் இருக்கும் சாஃப்ட்வேர் அதை ஆங்கிலமாக்கிச் செல்வியின் திரையில் காட்டும். செல்வி ஆங்கிலத்தில் அடிக்கும் பதில் அந்த அம்மாளுக்கு ஸ்பானிஷில் போய்ச் சேரும். தமக்குக் கதவைத் திறந்துவிட்டது திண்டுக்கல் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

"பூட்டு ஊர்ல உக்காந்துக்கிட்டு ஸ்பெயின்காரன் பூட்டைத் தட்டச்சுலயே தொறக்குறீங்க," என்றான் சோலைமுத்து. "இங்க உள்ள ஆசாரிங்க கேட்டா அழுதுருவாங்க."

ஸ்பானிஷ் சன்னல்கள் எல்லாம் ஒரே நாற்காலிக்குத்தான் வரும். அதில் யார் உட்கார்ந்தாலும் பெயர் எமிலி. ஆள் மாறினாலும் பெயர் மாறாது. வாடிக்கையாளர் குழம்பக் கூடாது என்று அப்படி ஓர் ஏற்பாடு. ஒரு மாதம் முன்பு வரை எமிலியாக இருந்தவள் ஜீவிதா. அவள் கல்யாணத்துக்காக வேலையை விட்டுவிட்டாள் என்று மேனேஜர் கருப்புசாமி சொன்னார். மறுநாளே செல்வி எமிலி ஆனாள்.

தொந்தரவு ஆரம்பித்தது சாஃப்ட்வேரின் புதிய பதிப்பு வந்த பிறகுதான். பழைய பதிப்பில் நிறையக் கோளாறு. லைன் அறுந்தால் பேச்சு முழுக்கக் காணாமல் போகும். இப்போது விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. எது மொழிபெயர்த்த வரி, எது வந்தபடியே நிற்கும் வரி என்று முன்பெல்லாம் பிரித்துச் சொல்ல முடியாது. இப்போது மொழிபெயர்த்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சின்னதாக ஓர் உலக உருண்டைப் படம் வருகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய புதுமை கிரே பாக்ஸ். வாடிக்கையாளர் அடித்துக்கொண்டிருக்கும்போதே, அவர் அனுப்பும் முன்பே, அந்த எழுத்துகள் செல்வியின் திரையில் சாம்பல் நிறத்தில் தெரியும். பதிலை முன்கூட்டியே யோசித்து வைக்கலாம் அல்லவா? அவர் அனுப்பியதும் வரி கறுப்பாகி மேலே ஏறிப் பதிவில் சேரும். அனுப்பாமல் அழித்துவிட்டால் சாம்பல் எழுத்துகளும் அழிந்துவிடும். எங்கேயும் சேமிப்பு இல்லை. இப்படி ஒரு பெட்டி இருப்பது வாடிக்கையாளருக்கே தெரியாது.

அந்தப் பெட்டியில்தான் அவை வந்தன.

முதல் நாள், "எமிலி, திரும்பிப் பார்க்காதே. அவன் உன் பின்னால்தானே இருக்கிறான்?" என்று ஆங்கிலத்தில் வந்தது. செல்வி மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரி கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தது, இருட்டில் எதுவோ அதைப் பின்னாலிருந்து தின்றுகொண்டு வருவது போல. அடுத்த நாள், "உனக்கு முன்னால் அந்த நாற்காலியில் நான்தான் இருந்தேன்." செல்வி எழுந்து பாத்ரூமுக்கு ஓடிவிட்டாள். நேற்று நாலு மணி வாக்கில், "விளக்கு போய்விட்டது. அவன் வருகிறான்." செல்வி நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. அது எரிந்ததுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. இந்த முறை படிக்கட்டு வரை ஓடினாள்.

ஜீவிதாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம். அதை வாய்விட்டுச் சொல்லவே பயம்.

அன்புக்கரசி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த வரிங்க பக்கத்துல உலக உருண்டை இருந்துச்சா?"

செல்வி கண்ணை மூடி யோசித்தாள். சாம்பல் எழுத்துக்கும் உருண்டை வரும். ஸ்பெயின் அம்மாள்கள் அடிக்கும்போது வந்திருக்கிறது. இவற்றுக்கு வரவில்லை.

"அப்ப மொழிபெயர்ப்பு ஆகல. அந்த ஆள் நேரா இங்கிலீஷ்லயே அடிச்சிருக்கு. இங்கிலீஷ் தெரிஞ்ச ஆள் ஸ்பானிஷ் வாசல் வழியா எதுக்கு வரணும்? அப்படி வந்தாத்தான் எமிலி நாற்காலிக்கு வந்து சேரலாம். ஆக, நாற்காலி விவரம் தெரிஞ்ச ஆளு. சரி, விளக்கு போச்சுன்னு வந்ததே, ஸ்பெயின்ல தினம் மின்வெட்டு உண்டா?"

"நம்ம ஊர்லதான் முறை வச்சு வெட்டுறாங்க," என்றான் சோலைமுத்து. அவன் பப்ஸை வைத்துவிட்டுப் போனை எடுத்தான். டவுனுக்குக் காலையிலேயே முறை முடிந்துவிடும். நேற்று நாலு மணிக்கு இருட்டில் கிடந்தது எந்தப் பக்கம்? மின்வாரியப் புகார் எண்ணைக் கூப்பிட்டு, நேற்று நாலு மணிக்குத் தன் மாமியார் மாவரைக்கும்போது கரண்டைப் பிடுங்கியது யார் என்று சண்டை பிடித்தான். மாமியார் எந்த ஊர் என்று அவர்கள் கேட்டார்கள். அதை மட்டும் தன்னிடம் கேட்காதீர்கள், எந்த ஊரில் வெட்டினீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள் என்று இவன் கத்தினான். எதிர்முனையில் எரிச்சலோடு பதில் வந்தது.

சோலைமுத்து போனை மூடினான். "சின்னாளப்பட்டி. நேத்து அந்த நேரத்துல வேற எங்கயும் இல்லையாம். இத்தனைக்கும் எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

செல்வியின் உதடு உலர்ந்துபோயிருந்தது. "ஜீவிதாவுக்கு ஊரே சின்னாளப்பட்டிதான்."

ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஒரு விஷயம் யோசி," என்றார் அன்புக்கரசி. குரல் தணிந்திருந்தது. "உன்னையப் பயமுறுத்த நெனைக்கிறவன் எழுதினதை ஏன் அழிக்கணும்? மொட்டைக் கடுதாசி எழுதுறவன் அதைத் தபால்ல போடாமக் கிழிச்சா யாரு பயப்படுவா? இங்க அழிக்கிற ஆளுதான் பயந்துபோய்க் கெடக்கு. அனுப்பினா பதிவுல ஏறிரும். பதிவைத் தினம் படிக்கிறது யாரு?"

மேனேஜர் கருப்புசாமி. தினமும் சாயங்காலம் எல்லாருடைய பேச்சையும் ஒரு வரி விடாமல் படிப்பது அவர்தான். புதிய பதிப்பைச் சோதித்துப் பார்த்தபோது அதில் உட்கார்ந்தவள் ஜீவிதா. அனுப்பாத வரி எங்கேயும் தங்காது, எமிலியின் கண்ணுக்கு மட்டும் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். மேனேஜர் அறையின் கண்ணாடி எமிலி நாற்காலிக்கு நேர் பின்னால் இருப்பதும் தெரியும். அதனால்தான் துணுக்குத் துணுக்காக அடித்து, உடனே அழித்திருக்கிறாள்.

"நீ ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு ஓடினா, பாவம், அவ எப்பத்தான் முழுசாச் சொல்றது?" என்றான் சோலைமுத்து.

செல்விக்கு அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. ஜீவிதா நின்ற நாளுக்கு முந்தின நாள் அவளுடைய அண்ணன் ஆபீசுக்கு வந்திருந்தார். சின்னாளப்பட்டியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். மேனேஜரும் அவரும் ஒன்றாகப் படித்தவர்களாம். அறைக்குள் வெகுநேரம் டீ குடித்தார்கள். ஜீவிதா யாரையோ விரும்புவதாக ஆபீசில் ஒரு பேச்சு இருந்தது. அது வீட்டுக்கு எட்டிவிட்டது என்றால், எட்டவைத்தது யார் என்பதும் இப்போது தெரிகிறது.

அடுத்ததாக அவள் சொன்னது மிக மெதுவாக வந்தது. கிரே பாக்ஸில் வந்தவற்றை அவள் கருப்புசாமியிடமே போய்ச் சொல்லியிருக்கிறாள், இரண்டு தடவை. முதல் தடவை, பதிவில் ஒன்றும் இல்லையே, ஓய்வு எடும்மா என்றார். இரண்டாம் தடவை சொன்ன பிறகு, அந்தப் பெட்டியையே எடுத்துவிடச் சொல்லி வெளிநாட்டுக் கம்பெனிக்கு மெயில் போட்டுவிட்டார். நாளையிலிருந்து அது இருக்காது.

"பாம்பே இல்லன்னு சொல்ற மனுசன் பொந்தை எதுக்கு அடைக்கிறார்?" என்றான் சோலைமுத்து. இந்த முறை அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"காட்டிக் கொடுத்தது நானாக்கா?"

"தெரியாமச் செஞ்சது. இப்பத் தெரிஞ்சு ஒண்ணு செய். இன்னிக்கு ஒரு நாள்தான் அந்தப் பெட்டி இருக்கு. போய் உக்காரு. என்ன வந்தாலும் எந்திரிக்காத. அம்புட்டுதான்."

அன்புக்கரசி மகளிர் காவல் நிலையத்துக்குப் போய் ஏட்டு பேச்சாயியைக் கூட்டிக்கொண்டு சின்னாளப்பட்டிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. ஆனால் சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டுப் பூட்டை உடைக்க முடியாது. உள்ளே இருப்பது ஜீவிதாதான், அவள் விருப்பமில்லாமல்தான் இருக்கிறாள் என்று அவளே சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையைச் செல்வி வாங்கித் தர வேண்டும். ஆபீசுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் சோலைமுத்து இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆளாக உள்ளே வருவான். வார்த்தை கிடைத்ததும் செல்வி பேனாவைக் கீழே போட வேண்டும். அதைப் பார்த்து அவன் சட்டைப் பையில் ஒளித்து வைத்திருக்கும் போனிலிருந்து அன்புக்கரசிக்குத் தகவல் கொடுப்பான்.

மூன்று மாடி ஏறுவதற்குள் செல்வி இரண்டு தடவை நின்றாள்.

நாற்காலி எப்போதும் போலத்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அறை. கருப்புசாமி உள்ளே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையைத் தூக்குகிறாரா என்று பார்க்கவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது. கழுத்தின் பின்பக்கம் ஈரமாகிவிட்டது. சுவர் ஓரம் சோலைமுத்து ஐந்து லிட்டர் கேனோடு குந்தியிருந்தான். பேட்டரி மூடிகளைத் திறந்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தான், பல் டாக்டர் மாதிரி.

ஒரு ஸ்பானிஷ் கிழவருக்குப் பேட்டரி மாற்றச் சொல்லிக் கொடுத்தாள். இன்னொருவருக்கு நம்பரை மாற்றிக் கொடுத்தாள். மூன்றாவதாக ஒரு சன்னல் திறந்தது. பெயர் இல்லை.

சாம்பல் எழுத்து: "எமிலி?"

செல்வி தினமும் அனுப்பும் வரியையே அனுப்பினாள். வணக்கம், நான் எமிலி, உங்களுக்கு உதவக் காத்திருக்கிறேன். பதிவில் ஏறினாலும் யாருக்கும் சந்தேகம் வராத வரி. ஆனால் எதிரே இருப்பவளுக்கு அது போதும். எமிலி இன்று ஓடவில்லை.

நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு படபடவென்று வந்தது. "நான் ஜீவிதா. அண்ணன் கடை மாடி. கடைக் கம்ப்யூட்டர் ஒன்று இங்கே கிடக்கிறது, மெயில் போட்டால் அவன் பார்த்துவிடுவான். கதவு வெளியே பூட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கட்டாயக் கல்யாணம். எனக்குச் சம்மதம் இல்லை. கரண்ட் போனால் கடையில் வேலை நிற்கும், அவன் மேலே வந்துவிடுவான்." கடைசி எழுத்திலிருந்து எல்லாம் அழிந்தது.

செல்வி பேனாவைப் போட்டாள். சோலைமுத்து குனிந்து சட்டைப் பைக்குள் கையை விட்டான்.

மின்வெட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. அதை நம்பித்தான் எல்லாத் திட்டமும். ஆனால் முறை வைத்து வெட்டுகிறவர்கள் முறையைத் தப்பவும் செய்வார்கள். சாம்பல் பெட்டியில் ஒரே சொல் தோன்றியது: "கரண்ட்". அது அழியவில்லை. பாதியில் விட்டுவிட்டு எழுந்தது போல அப்படியே நின்றது. மாடிக் கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்.ஸில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சன்னல் மூடவில்லை.

பிறகு யாரோ அதை அழித்தார்கள். அடுத்த வரி சாம்பலாக நிற்கவே இல்லை. கறுப்பாகி மேலே ஏறியது.

"யார் இது?"

ஜீவிதா ஒருநாளும் எதையும் அனுப்பமாட்டாள். கீபோர்டில் இருப்பது அண்ணன்.

பின்னால் கண்ணாடி அறையில் செல்போன் அடித்தது. கருப்புசாமி எடுத்து, "ஆமா... இப்பவா... எந்த சீட்டு?" என்றார். நாற்காலி நகரும் சத்தம். கதவு திறக்கும் சத்தம். செருப்புச் சத்தம் இரண்டு அடி வந்தது.

தரையில் தண்ணீர் கொட்டியது.

"சார், அசையாதீங்க," என்றான் சோலைமுத்து. "பேட்டரி ஆசிட். மிதிச்சா செருப்போட சேத்து விரலும் போயிரும்."

கருப்புசாமி ஒற்றைக் காலைத் தூக்கியபடி அப்படியே நின்றார். கேனில் இருந்தது வெறும் தண்ணீர். ஆனால் பேட்டரி பக்கத்திலிருந்து ஓடிவரும் தண்ணீரை நக்கிப் பார்த்து யாரும் சோதிப்பதில்லை. சோலைமுத்து மணல் கேட்டான், சாக்கு கேட்டான், சோடா உப்பு கேட்டான். அதெல்லாம் வரும்வரை சார் காலை ஊன்றக் கூடாது என்றான்.

"யார் என்று கேட்டேன்," என்று அடுத்த வரி ஏறியது.

செல்விக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. கால்கள் அதற்குத் தயாராகவே இருந்தன. ஆனால் அவன் இந்தச் சன்னலில் இருக்கும் நேரமெல்லாம் தங்கையின் கையைப் பிடித்து வேறெங்கும் இழுத்துக்கொண்டு போகமாட்டான். வாடிக்கையாளரைச் சன்னலில் பிடித்து வைப்பது எப்படி என்பதுதானே அவள் தினமும் செய்யும் வேலை?

தொடர்பு கொண்டதற்கு நன்றி என்று அனுப்பினாள். பூட்டின் மாடல் எண்ணைக் கேட்டாள். பூட்டு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. கதவு எந்த நிறம் என்று கேட்டாள். என் தங்கையிடம் என்ன பேசினாய் என்று வந்தது. சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று அனுப்பிவிட்டு, அடுத்த கேள்வியை அடித்தாள். கம்பெனி சொல்லிக் கொடுத்த கேள்விதான். தினம் எத்தனையோ பேரிடம் கேட்பது.

"உங்கள் கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லையா, வெளியேயிருந்தா?"

கறுப்பு வரி வரவில்லை. சாம்பல் பெட்டி அசைந்தது. "உனக்கு எப்படித் தெ" என்று அடித்தான், அழித்தான். "கருப்புசாமிக்கு" என்று அடித்தான், அழித்தான். "போலீசில் சொன்" என்று அடித்தான். அவன் நினைப்பதெல்லாம் அவள் திரையில் தெரிந்தது. அவளைப் போலவே அவனும் பயந்திருக்கிறான் என்பது அந்த அரைகுறைச் சொற்களில் தெரிந்தது. செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஒன்று அனுப்பினாள். "சற்றுக் காத்திருங்கள். சரிபார்க்கிறேன்."

அவன் காத்திருந்தான்.

"போலீசில் சொன்" என்பது அப்படியே நின்றது. கர்சர் துடித்தது. பின்னால் கருப்புசாமி காலை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். திரையில் எதுவும் நகரவில்லை. செல்வி மாதாவை வேண்டினாள்; வேண்டுதல் எந்த வார்த்தையில் தொடங்கும் என்பதே மறந்து, பாதியிலிருந்து தொடங்கினாள்.

அரைகுறை வரி அழிந்தது. வேறு விரல்கள். நிதானமாக, ஒரு பிழை இல்லாமல் ஒரு வரி வளர்ந்தது. வளர்ந்து முடிந்ததும் கறுப்பாகி மேலே ஏறியது.

"நான் ஜீவிதா. ஏட்டம்மா என் பக்கத்தில் நிற்கிறார். இதை அனுப்புகிறேன். பதிவில் இருக்கட்டும்."

சோலைமுத்து எட்டிப் பார்த்தான். அதைப் படித்துவிட்டு, கேனில் மிச்சமிருந்த தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்தான். அதைப் பார்த்த கருப்புசாமி, தூக்கிய காலை மெதுவாகத் தரையில் வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் திரையில் இருந்த வரியைப் பார்த்தார். பிறகு கண்ணாடி அறைக்குள் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

செல்விக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. விரல்கள் பழக்கத்தில் தாமாகவே அடித்தன: வேறு ஏதாவது உதவி வேண்டுமா?

பதில் வரச் சற்று நேரம் ஆனது.

"செருப்பு வேண்டும். நான் ஓடிவிடுவேன் என்று எல்லாச் செருப்பையும் எடுத்து வைத்துவிட்டார்கள். வெறுங்காலோடுதான் ஜீப்பில் ஏறப்போகிறேன்."

செல்வி துப்பட்டாவால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அடித்தாள்.

"சைஸ் என்ன?"